வேலைக்குப் போக முடியாத பிள்ளை: நாள்பட்ட வலியும் பெற்றோரின் பொறுப்பும்

பிள்ளையைப் படிக்க வைத்து ஒரு வேலையில் உட்கார வைத்துவிட்டால் பாரம் பாதி இறங்கியது என்பது நம் வீடுகளின் கணக்கு. இருபத்தெட்டு வயதிலோ முப்பத்திரண்டு வயதிலோ அந்தப் பிள்ளை வலியோடு வீடு திரும்பி, மறுபடி வேலைக்குப் போக முடியாமல் போகும் நிலைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. விபத்தில் கால் போனால் ஊருக்குப் புரியும். பக்கவாதம் வந்தாலும் புரியும். கைகால் முழுசாக இருந்து, 'வலிக்கிறது' என்ற ஒரே காரணத்தால் வேலைக்குப் போகாத பிள்ளையை உறவு நம்புவதில்லை, அலுவலகம் நம்புவதில்லை, பல நேரம் மருத்துவரும் நம்புவதில்லை. கடைசியில் அம்மாவும் அப்பாவுமே அவனுக்கு இன்சூரன்ஸாகவும் ஓய்வூதியமாகவும் ஆகிறார்கள்.

நாள்பட்ட வலியைப் பற்றி இன்றைய மருத்துவம் என்ன சொல்கிறது, வீடு அதை எப்படித் தாங்க வேண்டும், சட்டமும் அரசும் எங்கே கைகொடுக்கின்றன, எங்கே கைவிடுகின்றன என்ற மூன்று கேள்விகளை இந்தக் கட்டுரை ஆராய்கிறது. பெற்றோரால் தர முடிந்த முதல் உதவி பிள்ளையை நம்புவது. அதற்கு மேல் அவர்கள் தனியாகச் சுமப்பதில் பெரும்பகுதி, அரசு சுமந்திருக்க வேண்டியது. நான் சொல்ல வருவது இதுதான்.

வலியே நோயாகும்போது

அடிபட்டால் வலிக்கும், காயம் ஆறினால் வலி போகும் என்பதே நாம் அறிந்த வலி. மூன்று மாதங்களைத் தாண்டி நீடிக்கும் வலியையும், விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வரும் வலியையும் மருத்துவம் நாள்பட்ட வலி என்கிறது. இதைத் தனித் துறையாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஜான் பொனிகா. இளமையில் மல்யுத்த வீரராக இருந்து, அந்தக் காயங்களின் வலியோடு வாழ்ந்த மயக்கவியல் மருத்துவர் அவர். 1973இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் உருவாக அவரே காரணம்.

1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் முன்வைத்த கோட்பாடு, உடம்பிலிருந்து போகும் வலிச் செய்தியைத் தண்டுவடம் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது என்றது. 1983இல் கிளிஃபோர்ட் வூல்ஃப், அடிபட்ட பிறகு தண்டுவட நரம்பணுக்களே கூருணர்வு அடைந்துவிடுகின்றன என்று காட்டினார். சாதாரணத் தொடுதலும் வலியாகத் தெரிவதும், காயம் ஆறிய பிறகும் வலி நிற்பதும் இப்படித்தான். இவற்றை நோயாளியின் கற்பனை என்று ஒதுக்க அதன் பிறகு அறிவியலில் இடமில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு 2019 மே மாதம் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நாள்பட்ட வலிக்கு அதில் தனி இடம் கிடைத்தது. வேறொரு நோயின் அறிகுறியாக இல்லாமல் வலியே நோயாக நிற்பதை 'நாள்பட்ட முதன்மை வலி' என்று வகைப்படுத்தினார்கள். உடம்பு முழுக்க வலியும் அசதியும் தரும் ஃபைப்ரோமயால்ஜியா, நாள்பட்ட ஒற்றைத் தலைவலி, காரணம் பிடிபடாத இடுப்பு வலி ஆகியவை அதில் அடங்கும். 2020இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்தது என்பது அதே நிறுவனத்தின் கணக்கு. மனிதர்களை வேலை செய்ய முடியாமல் முடக்கும் காரணங்களில் இடுப்பு வலியே உலக அளவில் முதலிடத்தில் இருக்கிறது.

ஸ்கேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையே' என்பது இந்தப் பிள்ளைகள் அதிகம் கேட்கும் வாக்கியம். வலியே இல்லாதவர்களின் முதுகெலும்பு ஸ்கேன்களைத் தொகுத்து ஆராய்ந்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றின்படி, இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் முதுகெலும்பு வட்டுகளில் தேய்மானம் இருந்தது. தேய்மானம் இருந்தும் வலி இல்லாமல் வாழ்கிறவர்கள் ஏராளம். ஸ்கேன் சுத்தமாக இருந்தும் துடிக்கிறவர்கள் உண்டு. கட்டி, முறிவு, தொற்று இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் வேண்டும். ஒருவருடைய வலி மெய்யா பொய்யா என்று தீர்ப்புச் சொல்ல அது உதவாது.

வேலை ஏன் கைவிட்டுப் போகிறது

முதுகெலும்பை இறுக்கும் அன்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்ற வாத நோயை எடுத்துக்கொள்வோம். இது பெரும்பாலும் இருபதுகளில் தொடங்கும். 45 வயதுக்குப் பிறகு தொடங்குவது அரிது. சாதாரண இடுப்பு வலி ஓய்வெடுத்தால் குறையும். இந்த வலி ஓய்வில் கூடும், நடந்தால் குறையும். பின்னிரவில் எழுப்பிவிடும். காலையில் உடம்பு மரக்கட்டைபோல் இறுகிக் கிடக்கும்.

வீட்டில் இது எப்படித் தெரியும்? இரவு இரண்டு மணிக்குப் பையன் மொட்டை மாடியில் நடக்கிறான். காலை ஏழு மணிக்கு எழுப்பினால் எழ முடியவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் புரண்டு, காலைத் தரையில் ஊன்றி நிமிரவே நேரமாகிறது. பத்து மணிக்கு மேல் இளகி, சைக்கிளில் கடைக்குப் போய் வருகிறான். 'ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு பகல்ல படுத்துக் கிடக்கான், கடைக்குப் போக மட்டும் வலிக்கலையாம்' என்று அப்பா சொல்கிறார். அவர் குற்றமாக அடுக்குவது ஒவ்வொன்றும் அந்த நோயின் இலக்கணம். இது தெரியாமலேயே பல குடும்பங்களில் நோய் கண்டுபிடிக்கப்படும் முன் சில ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

பெண்களுக்கு இன்னொரு தடை இருக்கிறது. கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு, அதாவது உலகில் சுமார் 19 கோடிப் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாதத்தில் பல நாள் எழ முடியாமல் கிடக்கும் பெண்ணிடம் 'எல்லாருக்கும் வர்றதுதானே, கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்கிறார்கள். கல்யாணம் எந்த வலிக்கும் மருந்தல்ல. உண்மையை மறைத்துச் செய்யும் கல்யாணம் இரண்டு குடும்பங்களைச் சேர்த்து உடைக்கும்.

வலியைவிட வேலையைப் பறிப்பது அதன் நிலையின்மை. இன்று எட்டு மணி நேரம் உட்கார முடியும், நாளை இருபது நிமிடம்கூட முடியாது. எந்த நாள் எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு வராத நாளுக்குக் கூலி கிடையாது. ஈரோட்டு விசைத்தறியில் ஷிப்ட் முழுக்க நிற்க வேண்டும். சென்னை ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் உட்கார்ந்தே இருக்க வேண்டும். உணவு டெலிவரிக்குப் போகிறவர் பைக்கை விட்டு இறங்க முடியாது. மாதத்தில் பதினைந்து நாள் நன்றாக உழைக்கக்கூடியவருக்கு ஏற்ற வேலை நம் ஊரில் மிகக் குறைவு. அதனால் அரைகுறையாக உழைக்க முடிந்தவரும் முழுக்க வேலையில்லாதவராகிறார்.

வீடு செய்ய வேண்டியதும் தவிர்க்க வேண்டியதும்

வீடுகளில் இரண்டு விதமான தவறுகளைப் பார்க்கிறோம். முதலாவது நம்பாமை. மருத்துவர் மாற்றி மருத்துவர், எண்ணெய்க் கட்டு, பரிகாரம், கடைசியில் 'சோம்பேறி' என்ற பட்டம். நம்பப்படாதவர் தன் வலியை நிரூபிப்பதிலேயே நாளைக் கழிக்கிறார். நன்றாக இருக்கும் நாளில் சிரிக்கக்கூடப் பயப்படுகிறார். சிரித்தால் 'சரியாயிடுச்சுல்ல' என்று கேட்பார்கள்.

இரண்டாவது தவறு பாசத்தில் நடப்பது. தட்டைக் கழுவ விடமாட்டார்கள், தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள், 'நீ படுத்துக்கோ, அம்மா பாத்துக்கறேன்' என்பார்கள். அமெரிக்க உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் 1976இல் எழுதிய நூல் இதைப் பற்றிப் பேசியது. வலியை வெளிக்காட்டும்போது மட்டும் கவனிப்பும் ஓய்வும் கிடைத்தால், வலியைச் சுற்றியே வாழ்க்கை அமைந்துவிடுகிறது, இயக்கம் குறைகிறது, இயக்கம் குறைந்த உடம்பு மேலும் வலிக்கிறது என்பது அவர் கருத்து. நோயாளி நடிக்கிறார் என்று அவர் சொல்லவில்லை. சுற்றியிருப்பவர்களின் நடத்தையும் வலியின் போக்கை மாற்றுகிறது என்றார்.

இந்த இரண்டுக்கும் நடுவே நடைமுறைக்கு உகந்த வழி இருக்கிறது. வேலையை வலியின் அளவால் அளக்காமல் நேரத்தால் அளப்பது. நன்றாக இருக்கும் நாளில் மூன்று நாள் வேலையை ஒரேயடியாகச் செய்து, அடுத்த மூன்று நாள் படுத்த படுக்கையாவது இந்த நோயாளிகளின் வழக்கமான சுழற்சி. அதற்கு மாறாக, எந்த நாளாக இருந்தாலும் காய் நறுக்க இருபது நிமிடம், பிறகு பத்து நிமிடம் எழுந்து நடை என்று வகுத்துக்கொண்டு, சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிது கூட்ட வேண்டும். நல்ல நாளிலும் இருபதாவது நிமிடத்தில் கத்தியைக் கீழே வைப்பதுதான் கடினம். அம்மா அந்த இடத்தில் துணை நிற்கலாம்.

வீட்டில் அந்தப் பிள்ளைக்கென்று ஒரு பொறுப்பு இருக்க வேண்டும். மின் கட்டணம் கட்டுவது, தம்பி பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவது, வீட்டுக் கணக்கு எழுதுவது, எதுவாகவும் இருக்கலாம். கைச்செலவுக்குக் கேட்டுக் கேட்டு வாங்கும் நிலையில் வைக்காமல், மாதம் ஒரு தொகையை அவர் வங்கிக் கணக்கிலேயே போட்டுவிடுவது முப்பது வயதுக்காரரின் மானத்தைக் காக்கும். 'இன்னிக்கு வலி எப்படி இருக்கு?' என்று நாளுக்குப் பத்துத் தடவை கேட்பதைவிட, 'இன்னிக்கு நான் எதுல கை கொடுக்கட்டும்?' என்று ஒரு தடவை கேட்பது மேல்.

மனச்சோர்வைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீண்ட நாள் வலியோடு வாழ்கிறவர்களிடம் தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிட அதிகம். 'உங்களுக்கெல்லாம் பாரமா இருக்கேன்' என்ற பேச்சைத் தட்டிக்கழிக்காமல் உட்கார்ந்து கேளுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. தமிழிலும் பேசலாம். பெற்றோரும் பேசலாம், அவர்களுக்கும் அது தேவைப்படும்.

மருத்துவத்திடம் எதிர்பார்க்கக்கூடியது

எல்லா நாள்பட்ட வலியும் ஒன்றல்ல. அழற்சி வாத நோய்களுக்கு அழற்சியையே அடக்கும் மருந்துகள் உண்டு. சீக்கிரம் தொடங்கினால் பலர் வேலைக்குத் திரும்புகிறார்கள். அதனால் இளம் வயதில் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலி, அதிலும் காலை இறுக்கத்தோடு வருவது, வாத நோய் நிபுணரிடம் காட்டப்பட வேண்டும். முதன்மை வலிக்கு ஒரே அடியில் தீர்க்கும் மருந்து கிடையாது. படிப்படியான உடற்பயிற்சி, தூக்க ஒழுங்கு, மன ஆலோசனை, மருந்து நான்கும் சேர்ந்து வலியைக் குறைக்கும், வாழ்க்கையின் எல்லையை அகலமாக்கும்.

அமிட்ரிப்டிலின், டுலாக்சட்டின் போன்ற மாத்திரைகளை எழுதினால் 'பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரை' என்று வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். அவை மனச்சோர்வுக்கும் பயன்படுபவை, உண்மைதான். நரம்பு வழியே போகும் வலிச் செய்தியைக் குறைப்பதாலேயே வலிக்கும் தரப்படுகின்றன. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்றவற்றை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். 'வலி நிவாரணப் பொடி' என்று பெயர் தெரியாமல் விற்கப்படுவதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். டிராமடால் 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் அதைத் தொடரக் கூடாது.

செலவில்தான் குடும்பம் உடைகிறது. தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் அதுவும் தனியார் காப்பீடும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்வதற்குத்தான். நாள்பட்ட வலிக்காரர் சேர்வது அரிது. வாரம் மூன்று பிசியோதெரபி, மாத மருந்து, போக்குவரத்து என்று அவர் செலவெல்லாம் வெளிநோயாளிச் செலவு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு உண்டு. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

நாற்பது விழுக்காடு என்ற வாசல்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19இல் அமலுக்கு வந்தது. அதன் பட்டியலில் 21 வகை ஊனங்கள் உள்ளன. நாள்பட்ட வலி என்று தனியாக ஒன்று அதில் இல்லை. வாத நோயால் மூட்டு இறுகியவர் உடல் இயக்கக் குறைபாடு என்ற வகையில் விண்ணப்பிக்கலாம். வேலை ஒதுக்கீடு, உதவித்தொகை, வரிச்சலுகை எல்லாவற்றுக்கும் குறைந்தது 40 விழுக்காடு ஊனம் என்ற சான்றிதழ் வேண்டும்.

அந்த விழுக்காடு எப்படி வருகிறது என்பதைச் சான்றிதழ் தரும் மெடிக்கல் போர்டு அறையில் நின்று பார்க்க வேண்டும். மருத்துவர் கோணமானியை முழங்காலில் வைத்து 'மடக்குங்க, நீட்டுங்க' என்கிறார். தோளைத் தூக்கச் சொல்கிறார், குனியச் சொல்கிறார், தசை வலிமையைப் பார்க்கிறார். வலிக்கும் விதிகளில் கொஞ்சம் மதிப்புண்டு. ஆனால் அளவின் பெரும்பகுதி கோணத்துக்கும் வலிமைக்கும் போகிறது. காலை ஆறு மணிக்குக் கட்டிலைவிட்டு எழ முடியாதவர், பஸ் ஏறி வந்து, வராந்தாவில் நடந்து காத்திருந்து பதினொன்றரைக்கு உள்ளே போகும்போது உடம்பு இளகியிருக்கிறது. முழங்கால் மடங்குகிறது. எண் 40ஐ எட்டாமல் நின்றுவிடுகிறது. ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவருக்கு அளக்க ஒரு மூட்டுகூட இல்லை.

இருந்தும் மனம் தளர வேண்டாம். சான்றிதழில் உடன்பாடில்லை என்றால் மேல்முறையீடு செய்ய அதே சட்டத்தின் 59ஆம் பிரிவு இடம் தருகிறது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்னும் முக்கியமானது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள தேர்வர் ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் தனக்காக எழுத ஓர் ஆள் கேட்டார். அவருக்கு 40 விழுக்காடு இல்லை என்று மறுத்திருந்தார்கள். ஒதுக்கீட்டுக்குத்தான் 40 விழுக்காடு, நீண்டகாலக் குறைபாடு உள்ள எவருக்கும் நியாயமான வசதி செய்துதரும் கடமை அதற்குக் கீழேயும் உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. நின்று வேலை செய்பவருக்கு நாற்காலி, இடைவேளை, வீட்டிலிருந்து வேலை என்று எழுத்துமூலம் கேட்கும்போது இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டலாம். அரசுப் பணியில் இருக்கும்போது ஊனமடைந்தவரைப் பணிநீக்கம் செய்யவோ பதவி இறக்கவோ கூடாது என்று 20ஆம் பிரிவு சொல்கிறது.

தனியார் வேலையில் இருப்பவர் ராஜினாமா கடிதம் எழுதும் முன் சிலவற்றைப் பார்க்க வேண்டும். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உள்ளவருக்கு ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்காலப் பயன் உண்டு. குறிப்பிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு 80 விழுக்காடு வீதம் இரண்டு ஆண்டு வரை நீளும். பணியின்போது நிரந்தரமாக, முழுமையாக முடங்கியவருக்கு, ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் ஓய்வூதியம் உண்டு. பலர் இவற்றைக் கேட்காமலேயே வெட்கப்பட்டு வேலையை விட்டுவிடுகிறார்கள். பெற்றோரில் ஒருவர் இ.எஸ்.ஐ.யில் இருந்தால், உடல் குறைபாட்டால் முழுக்க அவரையே சார்ந்திருக்கும் வளர்ந்த பிள்ளைக்கும் அந்தக் குறைபாடு நீடிக்கும்வரை மருத்துவம் கிடைக்கும்.

சட்டம் யார்மேல் பாரத்தை வைக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு, உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத வயதுவந்த பிள்ளைக்கு (மணமான மகள் நீங்கலாக) வசதியுள்ள பெற்றோர் ஜீவனாம்சம் தர வேண்டும் என்கிறது. பெற்றோரைக் கட்டாயப்படுத்தும்போது வலியை விழுக்காட்டில் அளக்காத அரசு, தான் உதவித்தொகை தரும்போது மட்டும் 40 விழுக்காட்டைக் கேட்கிறது. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. அதுவும் நாற்பது விழுக்காட்டை எட்டியவருக்கே.

பெற்றோருக்குப் பிறகு

அறுபத்தைந்து வயது அம்மாவைத் தூங்கவிடாத கேள்வி ஒன்றுதான்: 'எனக்கப்புறம் இவனை யார் பார்ப்பா?' இதற்குச் செய்யக்கூடியவை உண்டு. அவற்றைத் தெம்பாக இருக்கும்போதே செய்ய வேண்டும்.

2003 ஏப்ரலுக்கு முன் பணியில் சேர்ந்த தமிழ்நாடு அரசு ஊழியரின் பிள்ளை, ஊனத்தால் சம்பாதிக்க முடியாதவர் என்று சான்று பெற்றால், வயது வரம்பைத் தாண்டியும் குடும்ப ஓய்வூதியம் பெறலாம். மத்திய அரசு விதிகளிலும் இது உண்டு. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளையின் நிலையைப் பதிவு செய்து, ஓய்வூதிய ஆவணத்தில் பெயரைச் சேர்த்துவிட வேண்டும். பிறகு நிரூபிப்பது மிகவும் கடினம். ஊழியர் ஓய்வூதியத் திட்டத்திலும் நிரந்தரமாக முழுதும் முடங்கிய பிள்ளைக்கு வயது வரம்பின்றிப் பிள்ளை ஓய்வூதியம் உண்டு.

வீட்டை எழுதிவைக்கும்போது, அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்கக் குடியிருக்கும் உரிமையை உயிலிலோ செட்டில்மென்ட் பத்திரத்திலோ தெளிவாக எழுதுங்கள். 'அண்ணன் பாத்துக்குவான்' என்ற வாய்மொழி, அண்ணனுக்கும் நியாயமல்ல, தம்பிக்கும் பாதுகாப்பல்ல. உடன்பிறந்தவர்களை உட்காரவைத்து யார் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று பேசிவிடுங்கள். அந்தப் பேச்சில் வலியுள்ள பிள்ளையும் இருக்க வேண்டும். அவருக்கு வலிதான் நோய், அறிவு முழுசாக இருக்கிறது. அவர் வாழ்க்கையைப் பற்றிய முடிவு அவருடையது.

முடிவாக

இந்த ஆய்விலிருந்து வரும் முடிவுகள் எளியவை. மருத்துவம் நாள்பட்ட வலியை நோயாக ஏற்றுவிட்டது, நம் சான்றிதழ் முறை இன்னும் ஏற்கவில்லை. அரசு செய்ய வேண்டியது மூன்று. மூட்டுக் கோணத்தோடு நிற்காமல், ஒருவர் வாரத்தில் எத்தனை மணி நேரம், எத்தனை நாள் தொடர்ந்து உழைக்க முடிகிறது என்பதையும் மெடிக்கல் போர்டு அளக்க வேண்டும். வெளிநோயாளிச் செலவும் பிசியோதெரபியும் அரசுக் காப்பீட்டுக்குள் வர வேண்டும். பகுதிநேரம் உழைப்பவருக்கு உதவித்தொகையை நிறுத்தாமல், மீதி நேரத்துக்கான ஈடாக அது தொடர வேண்டும்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது: பிள்ளையை நம்புங்கள். அவர் செய்ய முடிந்ததைச் செய்ய விடுங்கள். எல்லா மருத்துவச் சீட்டுகளையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் சேர்த்துவையுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு இந்த மாதமே ஒருமுறை போய்வாருங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, மேல்முறையீடு செய்யுங்கள். இந்தப் பாரத்தைக் குடும்பம் மட்டுமே சுமக்க வேண்டும் என்று எந்த நியாயமும் சொல்லவில்லை.